மூக்கைக் காட்டிவிட்டு உள்ளே வாருங்கள்

தம்பி,

இங்கே எல்லோரும் சுகம். நான் சுகம், சிவப்பிப் பசு கன்று போட்டு அதுவும் சுகம், கிணற்றில் தண்ணீரும் இருக்கிறது. உன் மகள் பரமேசு இன்று காலை பெட்டியோடு ஆசிரிய கலாசாலைக்குப் போய்விட்டாள். நீ வேண்டாம் என்று எழுதியிருந்தாய். சம்மதம் என்று கையொப்பம் வைத்தது உன்னைப் பெற்ற நான்தான். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் நீ சின்ன வயதிலிருந்தே கதையின் முடிவைக் கேட்டுவிட்டுத்தான் சோற்றில் கை வைப்பவன். முடிவு இப்போது தெரிந்துவிட்டது. கோபப்படுவதென்றால் கோபப்பட்டு முடித்துவிட்டு, உன் மலாயா றெயில்வே கந்தோரில் ஒரு தேத்தண்ணீரும் குடித்துவிட்டு, மிச்சத்தை ஆறுதலாக வாசி.

"என் பிள்ளையை மேல்வகுப்பு வரை படிக்க வைத்தது ஊரார் பிள்ளைகளுக்கு ஆயா வேலை பார்க்கவா" என்று கேட்டிருந்தாய். அந்த ஆயா என்ற சொல்லை எழுதும்போது பேனையை எவ்வளவு அழுத்தியிருக்கிறாய் என்றால், தாளின் பின்பக்கத்திலும் தடவிப் பார்க்க முடிந்தது. அந்த இடத்தை நான் அவளுக்கு வாசித்துக் காட்டவில்லை. வெயிலில் திரியாதே, எண்ணெய் தேய்த்து முழுகு என்று நீ எழுதியதை மட்டும் வாசித்தேன். உனக்கு இங்கத்தைய விசயத்தை எழுதியவர் உன் மச்சான் என்று எனக்குத் தெரியும். அவர் எழுதியது பொய் இல்லை. ஆனால் பாதியில் எழுந்து போனவர் சொல்லும் கதை அது. மிச்சத்தைப் பார்த்தவள் நான். அஞ்சாம் வகுப்போடு நின்றவளின் எழுத்து கோணல்மாணலாகத்தான் இருக்கும், நீ வாசித்துக்கொள்வாய்.

பரமேசுவின் பள்ளிக்கூடத்துக்குப் புதிதாக வந்த பெரிய ரீச்சர் இந்தியாவில் படித்துவிட்டு வந்தவ. பள்ளிக்கூட வளவின் ஓரத்தில், கிடுகு வேய்ந்த அரைச்சுவர்க் கொட்டிலில் பாலர் வகுப்பு நடப்பது உனக்குத் தெரியும். நாலு வயது, அஞ்சு வயதுப் பிள்ளைகள். ஒரு கிழட்டு வாத்தியார், ஒரு பிரம்பு, மணலில் அ, ஆ. பெரிய ரீச்சர் வந்து அந்த வாத்தியாரை மேல் வகுப்புக்கு மாற்றிவிட்டு, தன் கடைசி வகுப்புப் பெட்டைகளைக் கூப்பிட்டுச் சொன்னாவாம்: "ரீச்சராய் வர விருப்பம் எண்டு எல்லாரும் கை தூக்கிறியள். முதல் இந்தச் சின்னனுகளோடை இருந்து பாருங்கோ. ஒரு வரியம் இருந்து காட்டுறவைக்குத்தான் நான் கலாசாலைக்கு எழுதிக் குடுப்பன்." காலையில் தங்கள் பாடம், மத்தியானத்துக்கு முன் பாலர் வகுப்பு என்று ஒரு வருசத்துக்கு ஏற்பாடு. கை தூக்கிய பெட்டைகளில் பாதிப்பேர் ஏழு நாள் முடியாமல் அந்தக் கிழமையே கையைக் கீழே போட்டுவிட்டார்கள். ஒருத்தி, பிள்ளைகள் அழுகிறதைப் பார்த்துத் தானும் அவர்களோடு சேர்ந்து அழுதுவிட்டு வீட்டுக்கு ஓடிவிட்டாளாம்.

பரமேசு முதல் நாள் வந்த கோலத்தை நீ பார்க்கவேண்டும். தலை நிறைய மணல், பின்னலில் றிபன் இல்லை, பாவாடையில் ஈரம். "றிபன் எங்கை?" என்று கேட்டேன். "ஒரு பிள்ளை திண்டிட்டுது, அப்பாச்சி. பாதியைத்தான் இழுத்து எடுக்கலாமெண்டு கிடந்தது" என்றாள். "பாவாடை?" என்றேன். "அதைக் கேளாதேங்கோ" என்றுவிட்டுக் கிணற்றடிக்குப் போனாள். உண்மையைச் சொல்கிறேன், நானும் உன்னைப் போலத்தான் அன்றைக்கு நினைத்தேன். இதற்கா இங்கிலிசும் கணக்கும் படித்தாள் என்று மனத்துக்குள் முணுமுணுத்தேன். ஆனால் குளித்துவிட்டு வந்து சாப்பிட இருந்தவள், சோற்றைப் பிசைந்தபடி அந்தப் பிள்ளைகளைப் பற்றியே கதைத்தாள். இன்னார் மகள் ழ சொல்லும்போது நாக்கை எங்கே வைக்கிறாள், இன்னார் மகன் கோபம் வந்தால் எந்த மூலையில் போய் இருக்கிறான், எந்தப் பிள்ளை காலையில் ஒன்றும் தின்னாமல் வருகிறது. நான் அரைவாசியைத்தான் கேட்டேன். மீதி நேரம் அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பண்டத்தரிப்புக் கோயில் திருவிழாவுக்குக் கூட்டிப்போனால்கூட அவள் முகம் அப்படி இருந்ததில்லை.

நீ பள்ளிக்கூடம் போன முதல் நாளை உனக்கு நினைவிருக்காது. எனக்கு இருக்கிறது. வாத்தியாராய் இருந்த சட்டம்பியாரின் பிரம்பைப் பார்த்ததும் நீ என் சீலைத் தலைப்பைப் பல்லால் கடித்துக்கொண்டாய். நான் பிய்த்துக்கொண்டு வந்துவிட்டேன். வீட்டுக்கு வந்து உலை வைக்கிறதுக்குள் நீ எனக்கு முன்னாலேயே வந்து, பாடம் போட்டு அடுக்கியிருந்த புகையிலைக்குப் பின்னால் ஒளித்துக்கொண்டிருந்தாய். அடுத்த நாளும் அப்படி. அதற்கு அடுத்த நாள் உன் அப்பு தூக்கிக்கொண்டு போனார், அவர் காதைக் கடித்தாய். கடைசியில் உன்னைப் பள்ளிக்கூடத்தில் இருத்தியது யார் என்று நினைக்கிறாய்? சின்னம்மா. என் தங்கச்சி அப்போது அதே பள்ளிக்கூடத்தில் மேல் வகுப்பில் படித்தாள். சட்டம்பியாரிடம் கெஞ்சி, தன் பாடத்தை விட்டுவிட்டு வந்து, மணலில் உனக்குப் பக்கத்தில் சப்பாணி கட்டி இருந்தாள். நீ அ எழுதினால் அவளும் அ எழுதினாள். நீ மூக்கைச் சிந்தினால் தன் பாவாடையால் துடைத்தாள். புரட்டாதி மழை தொடங்கும்போது நீ தானாக எழும்பிப் பள்ளிக்கூடம் போகிற பிள்ளை ஆகிவிட்டாய். அவள் இப்போது அச்சுவேலியில் பேரப்பிள்ளைகளோடு இருக்கிறாள். போன கிழமை வந்தபோது உன் கடிதத்தை வாசித்துக் காட்டினேன். வெற்றிலையைத் துப்பிவிட்டு, "என்ரை பாவாடையிலை மூக்குத் துடைச்சவன் இப்ப ஆயா எண்டு எழுதுறானோ? எழுத்துப் பழக்கினது நான் விட்ட பிழை எண்டு அவனுக்கு எழுது அக்கா" என்றாள். எழுதிவிட்டேன்.

இனி உன் மச்சான் எழுதிய இடத்துக்கு வருகிறேன். பரமேசு பிள்ளைகளுக்கு எண்ணப் பழக்குவதற்குப் புளியங்கொட்டை வேண்டுமென்று கேட்டாள். நான்தான் அடுக்களையில் சேர்த்து வைத்திருந்ததைக் கழுவிக் காயவைத்துச் சுளகில் கொட்டிக் கொடுத்தேன். ஆளுக்குப் பத்தாக எண்ணிக் கொடுத்து, எண்ணித் திருப்பி வாங்குவாள். நல்லாகத்தான் நடந்தது. ஒருநாள் துரை என்ற பெடியனிடம் ஒன்று குறைந்தது. துரை யாரென்றால், நம் வடக்குத் தோட்டத்துக்கு அங்காலே புகையிலை வைத்திருக்கும் வேலுப்பிள்ளையின் மகன். தாய் நாகம்மா. அஞ்சு வயது முடியவில்லை.

"மற்றது எங்கை ராசா?" என்று பரமேசு கேட்டிருக்கிறாள்.

அவன் பெருமையாக மூக்கைத் தொட்டுக் காட்டினானாம். "இஞ்சை. முளைக்கட்டுமெண்டு வைச்சனான். இஞ்சைதான் ஈரமாய் இருக்கு."

தோட்டக்காரன் பிள்ளை, வேறு எப்படி யோசிப்பான். ஆனால் அந்த நேரம் யாரும் சிரிக்கவில்லை. பிள்ளைகள் சத்தம் போட, உன் மச்சானும் சேர ஊர் கூடிவிட்டது. நான் போய்ச் சேர்ந்தபோது, ஒருவர் கொண்டை ஊசியால் நோண்டலாம் என்கிறார், ஒருவர் நல்லெண்ணெய் விடலாம் என்கிறார், வேலுப்பிள்ளை ஆசுப்பத்திரிக்குப் போக வண்டியில் மாட்டைப் பூட்டிக்கொண்டு நிற்கிறான், நாகம்மா தலையில் அடித்துக்கொண்டு நிற்கிறாள். எல்லோரும் துரையைப் பார்த்து "சிந்தடா, சிந்தடா" என்று கத்துகிறார்கள். சின்னப் பிள்ளைக்குச் சிந்தத் தெரியுமா? சிந்தச் சொன்னால் அவன் உள்ளுக்கு இழுக்கிறான். இழுக்க இழுக்க விதை மேலே போகிறது. பரமேசுவின் முகத்தில் இரத்தம் இல்லை. ஆனாலும் யாரையும் பிள்ளையின் கிட்டே விடாமல் இரண்டு கையையும் விரித்துக்கொண்டு நின்றாள்.

"ஒருத்தரும் கத்தாதேங்கோ. இழுத்தானெண்டால் உள்ளுக்கை போயிடும்" என்றாள். உன் மகள் பெரியவர்களை அப்படி அதட்டி நான் முன்பு கேட்டதில்லை. பிறகு வேலியடிக்குப் போய் ஒரு எருக்கலங்காயைப் பிய்த்துப் பஞ்சை எடுத்துவந்து, உள்ளங்கையில் வைத்துத் துரைக்கு முன்னால் மணலில் இருந்தாள். அந்தப் பஞ்சை ஊதிப் பறக்கவிடுகிற விளையாட்டு அவர்கள் வகுப்பில் ஒவ்வொரு நாளும் விளையாடுகிறதாம். "துரை, வாயாலை ஊதிப் பறக்க விடும் பாப்பம்." விட்டான். "கெட்டிக்காரன். இப்ப வாயை மூடிக்கொண்டு மூக்காலை பறக்க விடுவம். நான் முதல்." தன் மூக்கின் ஒரு பக்கத்தைப் பொத்திக்கொண்டு ஊதிக் காட்டினாள். பிறகு அவனுக்கு விதையில்லாத பக்கத்தைத் தன் விரலால் பொத்தினாள். முதல் முறை ஒன்றும் இல்லை. இரண்டாம் முறை பஞ்சு ஆடியது. மூன்றாம் முறை பஞ்சும் பறந்தது, புளியங்கொட்டையும் பறந்து வேலுப்பிள்ளையின் வேட்டியில் பட்டு விழுந்தது. துரை அதைப் பார்த்துவிட்டு, "இன்னும் முளைக்கேல்லை" என்று அழுதான்.

உன் மச்சான் பாதியில் போனார் என்றேனே, அவர் ஊசியா எண்ணெயா என்று எல்லோரும் கத்திக்கொண்டு நின்ற நேரம் போனவர். விதை வந்தது வரைக்கும் அவர் நிற்கவில்லை.

ஆனால் தம்பி, விதை வெளியே வந்ததோடு கதை முடியவில்லை. பிள்ளை தப்பிய பிறகுதான் பெரியவர்களுக்குக் கோபம் வரும், நீ பார்த்திருப்பாய். வேலுப்பிள்ளை நேரே பள்ளிக்கூட மனேச்சரிடம் போனான். "குமர்ப்பிள்ளையளின்ரை கையிலை எங்கடை குஞ்சுகளைக் குடுத்துப் போட்டு நீங்கள் கந்தோரிலை இருக்கிறியளோ?" என்று கேட்டான். மனேச்சர் பயந்த மனிசன். பழைய வாத்தியாரைத் திரும்பக் கொட்டிலுக்கு அனுப்பி, மேல் வகுப்புப் பெட்டைகளை மறித்துவிட்டார். அடுத்த கிழமை பாலர் வகுப்புக்குப் பிள்ளைகள் வரவும் இல்லை. தாய்மார் வீட்டில் வைத்துக்கொண்டார்கள். பெரிய ரீச்சர் வந்து என்னிடம் சொன்னா: "வரியம் முடியாமல் நான் கலாசாலைக்கு எழுதேலாது ஆச்சி. இந்த முறை தவறினால் பிறகு வீட்டிலை கலியாணம் பேசிப்போடுவினம். எனக்குத் தெரியும், எத்தினை பேரை அப்பிடி விட்டிட்டன்." பரமேசு கதவுக்குப் பின்னால் நின்று கேட்டாள். அன்றைக்குச் சாப்பிடவில்லை. "நான் இனிப் போகேல்லை அப்பாச்சி. அப்பா அறிஞ்சாலும் விடமாட்டார். பிள்ளைக்கு ஏதும் நடந்திருந்தால்?" என்று மட்டும் சொன்னாள். அதுதான் அவளைத் தின்றது. மனேச்சர் மறித்தது அல்ல. ஏதும் நடந்திருந்தால் என்ற அந்த ஒரு நினைவு.

நான் தேற்றவில்லை. எனக்குத் தேற்றத் தெரியாது. வாழைக்குத் தண்ணீர் கட்டு என்று அனுப்பினேன். நெடுநேரம் வரவில்லை. போய்ப் பார்த்தால், தண்ணீர் வாய்க்காலை உடைத்துக்கொண்டு எங்கேயோ போகிறது, இவள் தென்னைக்குக் கீழே குந்தி இருந்து, பிஞ்சிலேயே உதிர்ந்து கிடக்கும் குரும்பட்டிகளைப் பொறுக்கிப் பொறுக்கித் தன் மூக்கில் வைத்துப் பார்த்துக்கொண்டிருக்கிறாள். பெட்டைக்கு ஏதோ பிடித்துவிட்டது என்று பயந்துபோனேன். "என்னடி செய்யிறாய்?" என்றேன். "போகாது அப்பாச்சி. எந்தப் பிள்ளையின்ரை மூக்குக்குள்ளையும் இது போகாது. வாய்க்குள்ளையும் போகாது" என்றாள். மடி நிறையக் குரும்பட்டி. முகம் பழையபடி இருந்தது.

அந்த மடியோடு அவள் நேரே போன இடம் வேலுப்பிள்ளையின் வளவு. நானும் பின்னால் போனேன், ஏனென்றால் அந்த மனிசன் என்ன சொல்வான் என்று தெரியாது. படலையைத் திறந்ததும் நாகம்மா உள்ளே போய்விட்டாள். வேலுப்பிள்ளை கிணற்றடியில் நின்றான், வா என்று சொல்லவில்லை. பரமேசு முற்றத்து மணலில் இருந்து, குரும்பட்டியில் ஈர்க்கைக் குத்தித் தேர் கட்டத் தொடங்கினாள். நீயும் சின்னனில் கட்டியிருக்கிறாய், உருள நாலு சில்லும் மேலே ஒரு கூடாரமும். துரை தாயின் சீலையை விட்டுவிட்டு மெல்ல மெல்ல வந்து ஒட்டிக்கொண்டான். "எத்தினை சில்லு வேணும் துரை?" "நாலு." "எடும் பாப்பம்." எண்ணி எடுத்தான். "மேலை தட்டுக்கு?" "ஆறு." அதையும் எண்ணி எடுத்தான். வேலுப்பிள்ளைக்குப் பொறுக்கவில்லை. கிட்ட வந்தான்.

"திரும்பவும் எண்ணுறதோ? முந்தி மூக்கு. இனி எது?"

பரமேசு தலை நிமிர்ந்து, "இதை மூக்குக்குள்ளை விடுறதெண்டால் கோயில் யானையின்ரை மூக்கு வேணும் மாமா" என்றாள். பிறகு குரல் தாழ்ந்து, "அண்டைக்கு நான் சின்னப் பொருளைக் குடுத்தது பிழை. எண்ணிறதை மட்டும் யோசிச்சன், மூக்கை யோசிக்கேல்லை. இனி யோசிப்பன்" என்றாள்.

துரை ஒரு குரும்பட்டியை எடுத்து மூக்கில் வைத்து அழுத்திப் பார்த்துவிட்டு, "போகேல்லை அப்பு" என்று தகப்பனுக்கு அறிவித்தான். வேலுப்பிள்ளை முகத்தைத் திருப்பிக்கொண்டான். தோள் குலுங்குகிறதைப் பார்த்து அழுகிறானோ என்று நினைத்தேன், சிரிக்கிறான். நாகம்மா உள்ளேயிருந்து செம்பில் மோர் கொண்டுவந்தாள்.

தம்பி, நீ கந்தோரில் பத்துப்பேருக்கு மேலே இருக்கிறாய் என்று எழுதினாய். உனக்கு ஒன்று சொல்லி வைக்கிறேன். பிழை நடந்தால் அந்தப் பிழையால் நொந்த வீட்டுப் படலையைப் போய்த் திறக்கிற ஆள்தான் வேலைக்கு ஆள். அந்தத் துணிவு உன் மகளுக்கு எங்கேயிருந்து வந்தது என்று தெரியவில்லை. என்னிடமிருந்து என்று நான் சொல்லிக்கொண்டு திரிகிறேன். மறுப்பதற்கு நீ இங்கே இல்லை.

அந்த நேரம்தான் பள்ளிக்கூடங்களைப் பார்வையிடுகிற இன்ஸ்பெக்டர் வரப்போகிறார் என்று அறிவித்தல் வந்தது. பாலர் கொட்டிலில் பிள்ளைகள் இல்லாவிட்டால் மனேச்சருக்குத்தான் தலையிடி. பெரிய ரீச்சர் அந்தச் சமயம் பார்த்து, பெட்டைகளைத் திரும்ப விடும்படி கேட்டா. மனேச்சர் ஒரு வழி சொன்னார்: தகப்பன் சம்மதித்துக் கையொப்பம் வைத்தால் விடுகிறேன், ஏதும் நடந்தால் நான் பொறுப்பில்லை. உன் கடிதம் அதே கிழமைதான் கப்பல் தபாலில் வந்து சேர்ந்தது. மறித்துப்போடு என்று எழுதியிருந்தாய். மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு மனேச்சரின் கந்தோருக்குப் போனேன்.

"தேப்பன்ரை கையொப்பம் வேணும் ஆச்சி" என்றார்.

"தேப்பன் மலாயாவிலை. தேப்பனைப் பெத்தவள் இஞ்சை நிக்கிறன்."

"அவர் என்ன எழுதியிருக்கிறார்?"

"வேண்டாமெண்டு எழுதியிருக்கிறான்." நான் ஒளிக்கவில்லை.

"அப்ப நான் என்னெண்டு விடுறது?"

"பிள்ளையைத் தவழுற வயதிலை என்ரை கையிலை தந்திட்டுப் பெண்சாதியோடை கப்பல் ஏறினவன். அவளுக்குக் காய்ச்சல் வந்தால் மருந்து குடுக்கவோ எண்டு அவனைக் கேட்டு எழுதிப்போட்டு நான் பதிலுக்குக் காத்திருந்தனானோ? அண்டைக்கெல்லாம் ஆர் பொறுப்பு, அவள்தான் இண்டைக்கும் பொறுப்பு."

அவர் மூக்குக்கண்ணாடியைத் துடைத்தார். "கைநாட்டோ ஆச்சி?" என்று மையை என் பக்கம் தள்ளினார்.

"அஞ்சாம் வகுப்பு வரைக்கும் படிச்சனான். பேனையைத் தாருங்கோ" என்றேன்.

முழுப் பெயரையும் எழுதினேன். நான் எழுதி முடிக்கும்வரை அவர் எழும்பி நின்றார். அந்த நாளுக்குப் பிறகு என்னைக் கண்டால் சால்வையைத் தோளிலிருந்து எடுக்கிறார்.

சரி, பெட்டை திரும்பிப் போகலாம். ஆனால் வகுப்பில் பிள்ளைகள்? திங்கட்கிழமை காலை வெறும் கொட்டிலில் பாயை விரித்துவிட்டு அவள் இருந்தாளாம். நான் எங்கள் படலைக்கு வெளியே ஒழுங்கையில் நின்றேன். முதலில் ஒரு கரகரவென்ற சத்தம். பார்த்தால், துரை குரும்பட்டித் தேரைக் கயிற்றில் கட்டி இழுத்துக்கொண்டு, தனியாக, ஒழுங்கையின் நடுவில் வருகிறான். பின்னால் நாகம்மா, "நில்லடா, முகம் கழுவேல்லை" என்று கத்திக்கொண்டு வருகிறாள். தேரைக் கண்டதும் பக்கத்து வளவுப் படலை திறந்தது, ஒரு பிள்ளை வந்து கயிற்றில் கை வைத்தது. அடுத்த படலை. அதற்கு அடுத்தது. தாய்மார் பின்னால் ஓடிவந்தார்கள், பிள்ளைகள் அரோகரா என்றார்கள். பள்ளிக்கூட வாசலுக்குத் தேர் போய்ச் சேரும்போது சில்லு இரண்டு கழன்றுவிட்டது, பாலர் வகுப்பு நிறைந்துவிட்டது.

அன்றைக்குத்தான் பரமேசு ஒரு வழக்கம் தொடங்கினாள். கொட்டில் வாசலில் நிற்பாள். ஒவ்வொரு பிள்ளையும் அண்ணாந்து மூக்கைக் காட்டவேண்டும். காட்டிவிட்டுத்தான் உள்ளே போகலாம். போகும்போதும் அப்படியே. முதலில் இவள் பார்த்தாள். பிறகு பிள்ளைகளே ஆளுக்கொரு நாள் முறை வைத்துப் பார்த்தார்கள். அது அவர்களுக்குப் பெரிய உத்தியோகம். வீட்டில் அப்பு தோட்டத்தால் வந்தாலும் மூக்கைக் காட்டாமல் சோறு இல்லை என்று நாகம்மா சொல்லிச் சிரிப்பாள்.

இன்ஸ்பெக்டர் வந்த நாளில் தாய்மார் எல்லோரும் அரைச்சுவருக்கு வெளியே நின்றோம். கோட்டும் தலைப்பாகையும் சப்பாத்துமாக நல்ல உயரமான மனிசன். மனேச்சர் முன்னாலும் பின்னாலும் ஓடுகிறார். மேல் வகுப்பெல்லாம் பார்த்துவிட்டுக் கடைசியாகக் கொட்டிலுக்கு வந்தார்கள். அன்றைக்கு வாசலில் முறை யாருக்கு? துரைக்கு. இன்ஸ்பெக்டர் குனிந்து உள்ளே கால் வைக்கப் போக, துரை இரண்டு கையையும் விரித்து மறித்துவிட்டான். பரமேசு அன்றைக்கு நின்றாளே, அதே மாதிரி.

"மூக்கைக் காட்டிப்போட்டு உள்ளை வாங்கோ" என்றான்.

மனேச்சரின் உயிர் போய்விட்டது. "டேய், டேய்" என்று கையை ஓங்கினார். இன்ஸ்பெக்டர் அவரைக் கையமர்த்திவிட்டு, "ஏன் தம்பி, என்ரை மூக்கை ஏன் பாக்கிறீர்?" என்று கேட்டார்.

"விதை இருந்தால் முளைச்சிடும்."

இன்ஸ்பெக்டர் பரமேசுவைப் பார்த்தார். பரமேசு சொன்னாள்: "இஞ்சை ஒருக்கால் பிழை நடந்தது ஐயா. அதுக்குப் பிறகு ஆர் வந்தாலும் இதுதான் வழக்கம்." மறைக்கலாம்தானே. மறைக்கவில்லை. அந்த மனிசன் தலையாட்டினார். பிறகு தலைப்பாகையைக் கழற்றி மனேச்சரின் கையில் கொடுத்துவிட்டு, மணலில் ஒரு முழங்காலை ஊன்றி, அண்ணாந்து மூக்கைக் காட்டினார். துரை ஒரு பக்கம் பார்த்தான், மறுபக்கம் பார்த்தான், ஆறுதலாகப் பார்த்தான்.

"ஒண்டும் இல்லை. வாங்கோ" என்றான். பிறகு மனேச்சரைப் பார்த்து, "நீங்களும்" என்றான்.

மனேச்சரும் காட்டினார் தம்பி. என் கண்ணால் கண்டேன். பெரிய ரீச்சர் கூரைக் கிடுகை எண்ணுகிறவ போல மேலே பார்த்துக்கொண்டு நின்றா.

அதற்குப் பிறகு பிள்ளைகள் தேர் கட்டினார்கள், எண்ணினார்கள், கூட்டினார்கள், கழித்தார்கள், சண்டை பிடித்தார்கள், இழுத்தார்கள். ஒரு பிள்ளையும் அழவில்லை. பிரம்பு அந்தக் கொட்டிலிலேயே இல்லை. இன்ஸ்பெக்டர் சிறிது நேரம் நிற்பார் என்றார்கள், பாயில் இருந்துவிட்டார். போகும்போது மனேச்சரிடம், "இந்த ரீச்சர் எந்தக் கலாசாலையிலை பயிற்சி எடுத்தவ?" என்று கேட்டார். "ரீச்சர் இல்லை ஐயா, எங்கடை மேல் வகுப்புப் பிள்ளை. பழகட்டுமெண்டு நாங்கள்தான் துணிஞ்சு விட்டனாங்கள்" என்றார் மனேச்சர். நாங்கள்தான் துணிந்து விட்டோமாம். நான் சுவருக்கு இங்காலே நின்று இருமினேன். அவர் என் பக்கம் திரும்பவில்லை. "அப்ப எல்லாப் பிள்ளையளையும் பழக விடுங்கோ. இவவைக் கெதியாய்க் கலாசாலைக்கு அனுப்புங்கோ" என்றுவிட்டு இன்ஸ்பெக்டர் காரில் ஏறினார். பெரிய ரீச்சர் வரியம் முடிந்த அன்றே எழுதிப் போட்டா. இடம் கிடைத்துவிட்டது. இப்போது கடைசி வகுப்புப் பெட்டைகள் பாலர் கொட்டிலுக்கு முறை வைத்துப் போகிறார்கள், கையைக் கீழே போட்டவர்களும் சேர்த்து. அழுது ஓடினவளும் போகிறாள். கெட்டிக்காரியாம்.

இன்று காலை வட்டுக்கோட்டைச் சந்திக்கு பஸ் ஏறப் போனோம். பெட்டியைத் தலையில் தூக்கிக்கொண்டு வந்தது யார் தெரியுமா? வேலுப்பிள்ளை. வேண்டாம் என்றாலும் கேட்கவில்லை. சந்தியில் பார்த்தால் பாலர் வகுப்பு முழுவதும் நிற்கிறது, தாய்மாரோடு. பஸ் வந்தது. பரமேசு காலைத் தூக்கி வைக்கப் போகிறாள். துரை முன்னால் வந்து மறித்தான். அவளுக்கு விளங்கிவிட்டது. கீழே இறங்கிக் குந்தி மூக்கைக் காட்டினாள். அவன் பார்த்தான். "ஒண்டும் இல்லை. போயிட்டு வாங்கோ ரீச்சர்" என்றான். அதுவரை அக்கா என்றுதான் கூப்பிட்டவன். பஸ் வெளிக்கிட்டதும் அத்தனை பிள்ளைகளும் வரிசையாக அண்ணாந்து நின்றார்கள், யன்னலால் அவள் பார்க்கட்டும் என்று. அவள் ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே போனாள். டிறைவர் மெதுவாகத்தான் ஓட்டினார்.

நான் அழவில்லை. அழுதது நாகம்மா.

உன் கடைக்குட்டிக்கு இப்போது எண்ணுகிற வயது. மலாயாவிலும் தென்னை இருக்கிறதுதானே. கந்தோர் விட்டு வந்ததும் சப்பாத்தைக் கழற்றிவிட்டு அவனோடு நிலத்தில் இருந்து ஒரு தேர் கட்டிக்கொடு. உனக்குக் கை மறந்திருக்காது. அதன் பிறகு ஒரு கடிதம் எழுது. எனக்கு வேண்டாம், நான் உன் தாய், எனக்கு எழுதாவிட்டாலும் குறையில்லை. கலாசாலையின் மேல்விலாசத்தை இதனோடு எழுதி வைத்திருக்கிறேன். உறையில் அவள் பெயரை எழுதி, துரை சொன்னானே, அந்தச் சொல்லைப் பெயருக்குப் பின்னால் போடு. ஆயா என்று எழுதியபோது அழுத்தினாய் அல்லவா, பின்பக்கம் தடம் தெரிய. அதைவிட அழுத்தி எழுது.

இப்படிக்கு,
கையொப்பம் வைத்தவள்